லிட்டருக்கு 35 என்கிறார்கள், முன்பணம் கட்டலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. எனக்குக் காங்கேயத்துக்குப் பக்கமுங்க. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், பட்டன், எலாஸ்டிக் சப்ளை பண்றேன். போக, வர, ஊருக்குள்ள சுத்த எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் ஓடுது. 2012 மாடல் பெட்ரோல் கார், 14, 15 கொடுக்குது. இப்ப ஒரு சின்ன கார் வரப்போகுதாம், நாலேகால் லட்சத்துக்குள்ள ரோட்டுக்கு வந்துருமாம், லிட்டருக்கு 35 கிலோமீட்டராம். 11,000 ரூபாய் கட்டிப் பதிவு பண்ணி வெச்சுக்கலாமான்னு பாக்கறேன். பழைய வண்டியை ஒண்ணேகால் லட்சத்துக்கு ஒருத்தர் கேக்கறார். எங்க மாமா, "கம்பெனிக்காரன் சொன்னதுல பாதிதான் வரும், பேசாம இரு"ங்கறார். 35 வருமுங்களா வராதுங்களா?

பதில்: வராது. ஆனால் மாமா சொல்கிற மாதிரி பாதியாகவும் போகாது. உங்கள் ரோட்டில், உங்கள் ஓட்டத்தில் 23-லிருந்து 25-க்குள் எங்கேயாவது நிற்கும் என்பது என் கணிப்பு. அதுவும் அந்த 35 என்பது நிஜமாகவே பெட்ரோல் லிட்டர் கணக்கு 35-ஆக இருந்தால். அதுதான் எனக்கு முதல் சந்தேகமே.

நீங்கள் எழுதியிருந்த வண்டியின் பெயரை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். ரோட்டுக்கு இன்னும் வராத வண்டியை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. தவிர, நான் சொல்லப்போவது இதுக்கு மட்டும் இல்லை, அடுத்த வருஷம் வேறு பெயரில் வேறு 35 வரும், அதுக்கும் இதே கணக்குத்தான்.

35 என்றால் என்ன 35 என்று முதலில் கேளுங்கள். மாருதி செலெரியோ 2021-ல் புதிதாக வந்தபோது பெட்ரோலில் ஒரு ரகத்துக்கு 26.68 என்று சான்று வாங்கினார்கள். அதே வண்டியின் சிஎன்ஜி ரகத்துக்கு 35.60. பார்த்தால் என்னமோ பெரிய வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனால் இரண்டாவது லிட்டருக்கு இல்லை, கிலோவுக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கிற சக்தி ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள், பெட்ரோல் கணக்கில் 24-க்குப் பக்கம் வந்துவிடும். விளம்பரத்தில் எண் மட்டும் பெரிதாக இருக்கும், "கிலோ" என்பது கீழே எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு 35 பஜாஜ் க்யூட். அது லிட்டருக்கு 35 என்று சொன்னது பெட்ரோலில்தான். ஆனால் 216 சிசி இன்ஜின், 400 கிலோவுக்கும் குறைவான எடை, அதிகபட்ச வேகமே 70 கிலோமீட்டர். நாலு சக்கரம் இருந்தாலும் சட்டப்படி அது கார் இல்லை, குவாட்ரிசைக்கிள் என்று தனி வகை. அதுக்கு அந்த 35 பொருந்தும். ஆட்டோவுக்கு அடுத்த படி என்று நினைத்து வாங்குகிறவருக்கு நல்லதுதான், காங்கேயம் ரோட்டில் டிப்பர் லாரிக்கு முன்னால் ஓட்டுகிற உங்களுக்கு அது சரிப்படுமா என்று நீங்களே யோசியுங்கள்.

நாலு பேர் உட்காரும் சாதாரண பெட்ரோல் காரில் 35 என்றால் எனக்குப் புருவம் தூக்கும். 2009-ல் வந்த டாடா நானோவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு லட்ச ரூபாய் கார் என்று ஊரே பேசியது. 624 சிசி, இரண்டே சிலிண்டர், 600 கிலோ எடை, அதைவிட எளிமையாக ஒரு காரைச் செய்வது கஷ்டம். அதுக்கே சான்று 23.6-தான். அப்புறம் இன்ஜின் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறி, மேலே சொன்ன 26, 27 வரை வந்திருக்கிறோம். மோட்டாரும் பேட்டரியும் சேர்த்த ஹைபிரிட் வண்டிகள், கிராண்ட் விட்டாரா மாதிரி பெரியவை, 28-ஐத் தொட்டிருக்கின்றன. அதனால் 35 என்று ஒருவர் சொன்னால், எப்படி என்று கேட்க வேண்டும். ஹைபிரிட்டா, எடை 500 கிலோவா, சிஎன்ஜியா. "புது டெக்னாலஜிங்க" என்பது பதில் இல்லை.

இன்னும் ஒரு 35 இருக்கிறது, அந்தக் கதை உங்கள் 11,000 ரூபாய்க்கு நேராகச் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் எலியோ மோட்டார்ஸ் என்று ஒரு நிறுவனம். மூன்று சக்கரம், ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டே இருக்கை, 0.9 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், விலை 6,800 டாலர், மைலேஜ் கேலனுக்கு 84 மைல். நம் கணக்குக்கு மாற்றினால் லிட்டருக்கு 35.7. இங்கேயும் அந்த வீடியோக்கள் சுற்றின, "84 கிலோமீட்டர் கொடுக்கும் கார்" என்றே ஒருவர் என்னிடம் வந்து சொன்னார், மைலும் கேலனும் வழியிலேயே காணாமல் போய்விட்டன. அதிலும் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எந்த கேலன் என்று தெரியாமல் மாற்றினால் அதே 84 மைல் 30-க்குக் கீழே வந்து நிற்கும்.

சரி, 35.7 என்றே வைத்துக்கொள்வோம். அந்த 84 நெடுஞ்சாலைக்குச் சொன்ன எண். ஊருக்குள் ஓட்டினால் 49 மைல் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள், அதாவது லிட்டருக்கு 20.8. மறைக்கவெல்லாம் இல்லை, ஆனால் 49-ஐ யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. டேங்க் 8 கேலன், ஒருமுறை நிரப்பினால் 672 மைல் போகும் என்றும் விளம்பரம். எட்டை எண்பத்து நாலால் பெருக்கிப் பாருங்கள், சரியாக 672 வரும். ஓட்டிப் பார்த்து வந்த எண் இல்லை, பெருக்கிப் பார்த்து வந்த எண். லூசியானா மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஒரு தொழிற்சாலையில் செய்வதாகத் திட்டம். 2014 என்றார்கள், 2015 என்றார்கள், 2016 என்றார்கள். 65,000 பேருக்கு மேல் 100 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை கட்டி வரிசையில் நின்றார்கள். இந்த விலைக்கு இந்த மைலேஜ் என்று சொன்ன அந்த வண்டி ஒரு வாடிக்கையாளர் கைக்கும் போய்ச் சேரவில்லை.

உங்கள் வண்டியும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. உற்பத்தி ஆரம்பிக்காத வண்டிக்கு இருப்பது சான்று எண் இல்லை, ஆசை எண். கம்பெனிக்காரர்கள் அதை இலக்கு என்பார்கள். புனேயில் இருக்கிற ஏஆர்ஏஐ மாதிரி ஒரு சோதனை நிறுவனத்தில் ஓடிச் சான்று வாங்கிய பிறகுதான் அது பேசத் தகுந்த எண். இன்றைக்கு உங்களிடம் 11,000 கேட்கிறவர் எந்த 35-ஐ வைத்துக் கேட்கிறார் என்று ஒரு கேள்வி போடுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சான்று வாங்கிய எண்ணும் உங்களுக்கு அப்படியே கிடைக்காது. அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். வண்டி ரோட்டில் ஓடுவதே இல்லை, அறைக்குள் உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தியிருப்பார்கள். ஓட்டுநருக்கு முன்னால் திரையில் ஒரு கோடு ஓடும், இந்த நொடியில் இந்த வேகம் என்று அந்தக் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். மொத்தம் 1,180 நொடி, இருபது நிமிஷம்கூட இல்லை. பத்தரை கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கும், சராசரி வேகம் 32, ஒரே ஒரு தடவைதான் 90-ஐத் தொடும். ஏசி அணைத்திருக்கும். பெட்ரோலையும் யாரும் ஊற்றி அளப்பதில்லை, சைலன்சரிலிருந்து வரும் புகையைப் பைகளில் பிடித்து, அதில் இருக்கும் கரியின் அளவை வைத்து எவ்வளவு பெட்ரோல் எரிந்திருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். அறைக்குள் காற்று எதிர்க்காதே, அதுக்கு என்ன செய்வார்கள் என்றால், முன்னாடியே ஒரு தடத்தில் வண்டியை நியூட்ரலில் உருளவிட்டு, எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று பார்த்து, அந்தச் சுமையை உருளைக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த உருளவிடும் சோதனையைக் காற்று அடிக்காத நேரம் பார்த்துத்தான் செய்வார்கள்.

எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க இது நல்ல முறை. 26 சான்று வாங்கிய வண்டி 20 சான்று வாங்கிய வண்டியைவிட உங்களுக்கும் கூடத்தான் கொடுக்கும். ஆனால் அந்தத் தராசில் காங்கேயம் ரோடு இல்லை.

காங்கேயத்தில் கிளம்பிப் படியூர் தாண்டும் வரை உங்களுக்குக் கவலையே இல்லை, அறுபதில் பிடித்தால் வண்டி வெண்ணெய் மாதிரி போகும், எந்த வண்டியும் அங்கே நன்றாகத்தான் கொடுக்கும். நல்லூர் நெருங்கினதும் ஆரம்பிக்கும் முதல் கியர், இரண்டாவது கியர், பிரேக். அப்புறம் புஷ்பா தியேட்டர் ஸ்டாப், பி.என். ரோடு, ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் "இதோ ஒரு நிமிஷம்" என்று இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் போவது. இதைப் படிக்கும்போது சிரிக்கிறீர்கள் என்றால் நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். சித்திரை வெயிலில் அதில் ஏசியும் சேரும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஏசியும் நின்று எரிகிறதும் சேர்ந்து உங்களுக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக அரை லிட்டர் தின்கிறது என்று வையுங்கள். 15 கொடுக்கிற வண்டி 70 கிலோமீட்டருக்கு 4.67 லிட்டர் குடிக்கும், அரை லிட்டர் கூடினால் 5.17, மைலேஜ் 15-லிருந்து 13.5 ஆகும். பெரிதாகத் தெரியாது. 35 கொடுக்கிற வண்டி அதே தூரத்துக்கு 2 லிட்டர்தான் குடிக்கும், அதில் அரை லிட்டர் கூடினால் இரண்டரை. 70-ஐ இரண்டரையால் வகுத்தால் 28. ஒரே ஏசி, ஒரே ட்ராஃபிக், ஆனால் அங்கே ஒன்றரை குறைகிறது, இங்கே ஏழு குறைகிறது. "புது வண்டிதான் ரொம்ப ஏமாத்துது" என்று ஜனங்கள் சொல்வதில் பாதி இதுதான். சிக்கனமாக நடக்கிற வீட்டில்தானே ஒரு நாள் விருந்துச் செலவு கண்ணை உறுத்தும்!

அப்புறம் காற்று. நம் ஊருக்கே உரிய சமாச்சாரம் இது, சென்னையில் இருந்து எழுதுகிறவர்கள் யாரும் இதைத் தொடுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலையை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் அந்தக் காற்று மேற்கே இருந்து வரும், நீங்கள் காலையில் திருப்பூருக்கு அதற்கு நேர் எதிரே போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. நீங்கள் 60-ல் போகும்போது எதிரே 20-ல் காற்று அடித்தால் வண்டிக்கு அது 80, எதிர்ப்பு 1.78 மடங்கு. சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளுமே, சரிக்குச் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. வரும்போது எதிர்ப்பு 0.44 மடங்கு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.11. போய்வந்த பிறகும் பத்துக்கு ஒன்று நஷ்டம்தான். விலை குறைந்த சின்னக் கார்கள் உட்கார இடம் வேண்டுமே என்று உயரமாக, டப்பா மாதிரி இருக்கும், எடையும் குறைவு, அவற்றைக் காற்று இன்னும் நன்றாகவே பிடிக்கும். ஆடியில் மைலேஜ் பார்த்துவிட்டு வண்டி சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைப் புரட்டாசியில் வரச்சொல்லி அனுப்புவேன்.

சுமையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் லேபிள் பெட்டியும் பட்டன் மூட்டையும் என்ன எடை இருக்கும் என்று எனக்குத் தெரியும், வழியில் மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டை இரண்டு ஏற்றுவீர்கள் என்பதும் தெரியும். 1,000 கிலோ வண்டியில் 100 கிலோ என்பது பத்தில் ஒன்று, 600 கிலோ வண்டியில் ஆறில் ஒன்று. எடை குறைத்துத்தான் மைலேஜ் கொண்டுவந்தார்கள் என்றால் நீங்கள் அந்த எடையைத் திரும்பவும் ஏற்றுகிறீர்கள்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே, பழைய பெட்ரோலுக்கென்று செய்த நாலு சக்கர வண்டிகளில் 6, 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றும், இதற்கென்று இன்ஜினைச் சரிசெய்த வண்டிகளில் 1, 2 சதவீதம்தான் குறையும் என்றும் போட்டிருக்கிறார்கள். புது வண்டிக்கு இதனால் பெரிய பாதிப்பு இருக்காது. உங்கள் 2012 வண்டி முன்னே 16 கொடுத்து இப்போது 15 கொடுக்கிறது என்றால் அதில் இதற்கும் பங்கு உண்டு, மெக்கானிக்கை மட்டும் திட்ட வேண்டாம்.

ஆக ஏசி, ட்ராஃபிக்கில் 28, காற்று, சுமை, எத்தனால் எல்லாம் சேர்ந்து இன்னும் மூன்று நாலு குறையும். இப்படித்தான் நான் 24-க்கு வந்தேன். பொதுவாகவே என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில், ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டுகிறவர்களுக்குச் சான்று எண்ணில் 70, 75 சதவீதம் வருகிறது. அதற்கு மேல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டாத ஆசாமிகள்.

இனி ரூபாய்க்கு வருவோம். மாதம் 25 நாள் என்றால் உங்களுக்கு 1,750 கிலோமீட்டர். பெட்ரோல் நூற்றுக்குச் சற்று மேல் விற்கிறது, கணக்குக்கு 100 என்றே போடுகிறேன். இப்போது 15-ல் மாதம் 11,700 ரூபாய் ஆகிறது. நீங்கள் கனவு காணும் 35-ல் 5,000. நான் சொல்லும் 24-ல் 7,300. கனவில் மிச்சம் 6,700, நடப்பில் மிச்சம் 4,400.

இதில் கவனித்தீர்களா, 15-லிருந்து 24 போனதிலேயே மாதம் 4,400 மிச்சமாகிவிட்டது, அதிலிருந்து 35 வரை இன்னும் 11 ஏறியும் கூடுதலாகக் கிடைப்பது 2,300-தான். மைலேஜ் ஏற ஏற மிச்சம் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் 35-க்கும் 30-க்கும் நடுவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், 15-ஐ 20 ஆக்குவதில்தான் காசு இருக்கிறது.

பழையதை ஒன்றேகாலுக்குக் கொடுத்துவிட்டு மீதி 3 லட்சம் கடன் என்றால், ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணை 6,300 ரூபாய் வரும். மிச்சம் 4,400. மாதம் 1,900 கைக்காசு போட வேண்டும், முதல் வருஷ இன்சூரன்ஸ் விலையிலேயே போய்விடும், இரண்டாம் வருஷத்திலிருந்து அதுவும் தனி. மைலேஜுக்காக மட்டும் மாற்றினால் கட்டுபடி ஆகாது. பழைய வண்டி வருஷம் முப்பது, நாற்பதாயிரம் பட்டறையிலேயே தின்கிறது, நடுரோட்டில் நிற்கிறது, புதுசில் காற்றுப்பையும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்றால் அது வேறு பேச்சு, அதற்காக மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். அப்போதும் கண்ணுக்கு முன்னால் ஷோரூமில் நிற்கிற, ஆறு மாதம் நம் ரோட்டில் ஓடிய வண்டியாகப் பாருங்கள்.

அதுவரைக்கும் இருக்கிற வண்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். போன மாதம் அன்னூர் பக்கத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார், கிட்டத்தட்ட உங்கள் வயசு வண்டி, 13 கொடுக்கிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்று. டயரைப் பெருவிரலால் அழுத்தினேன், உள்ளே போன மாதிரி இருந்தது, கேஜ் வைத்தால் 22. ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரில் 33 என்று பத்து வருஷமாக எழுதியிருக்கிறது, அவர் அதைப் பார்த்ததே இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் இடது சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். நன்றாக இருக்கிற சக்கரம் இழுத்துவிட்டால் ஒன்றிரண்டு சுற்றாவது ஓடி நிற்கும், இது "சர்ர்ர்" என்று தேய்த்துக்கொண்டு அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் காலிப்பரின் பின் துருப்பிடித்து இறுகி, பேட் டிஸ்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. காலை அழுத்தாமலேயே பிரேக் போட்டுக்கொண்டு அன்னூரிலிருந்து கோயமுத்தூர் வரை வந்திருக்கிறார். பின்னைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதற்கென்றே இருக்கிற கிரீஸ் வைத்து, ஏர் ஃபில்டர் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, டயருக்குக் காற்று வைத்து, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். டிக்கியைத் திறந்தால் கல்யாணத்துக்கு வாங்கின பித்தளை அண்டா ஒன்று, வைகாசியிலிருந்து அங்கேயே குடியிருக்கிறது. இப்போது பதினைந்தரை கொடுக்கிறது என்று போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார். அண்டா மட்டும் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறதாம்.

உங்கள் பதினாலரை பதினாறரை ஆனால் மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சம், கடனும் இல்லை தவணையும் இல்லை. காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்னே, டயர் சூடாகாமல் இருக்கும்போது பாருங்கள், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போதும். கம்பெனி வாசலில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்பது தெரிந்தால் சாவியைத் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, 14, 15 என்று எழுதினீர்களே, அதை எப்படிப் பார்த்தீர்கள்? டிஸ்பிளேயில் காட்டியதா, 500 ரூபாய்க்குப் போட்டு எவ்வளவு ஓடியது என்றா? இரண்டும் சரிவராது. டிஸ்பிளே பெரும்பாலும் ஒன்றிரண்டு கூட்டியே காட்டுகிறது, 500 ரூபாய்க்குப் போட்டால் டேங்கில் முன்னே எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எப்போதும் போடுகிற ஒரே பங்கில், ஒரே குழாயில், டேங்க் நிரம்பி தானாக "டக்" என்று கட் ஆகும் வரை போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் "ரவுண்டா ஆக்கிடறேனுங்க" என்று பையன் பிடித்து அமுக்குவான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்குங்கள். கால் டேங்குக்கு வந்ததும் அதே குழாய்க்குப் போய், அதே மாதிரி முதல் கட் வரை. இப்போது எத்தனை லிட்டர் ஏறியதோ அதுதான் நீங்கள் குடித்தது, ஓடின கிலோமீட்டரை அதால் வகுங்கள். ஒரு தடவை வைத்து முடிவு கட்டாமல் மூன்று தடவை செய்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்.

புது வண்டி ஷோரூமுக்கு வருகிற அன்றைக்கு டெஸ்ட் டிரைவ் கேட்டால் அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஏற்றி இறக்கி அனுப்பிவிடுவார்கள். காலை ஒன்பதரைக்குப் படியூரிலிருந்து புஷ்பா ஸ்டாப் வரை நான் ஓட்ட வேண்டும், ஏசியோடு, பின்னால் இரண்டு மூட்டையோடு என்று கேளுங்கள். ஒத்துக்கொள்கிற டீலரிடம் வாங்குங்கள்.

அந்த மூன்று பங்க் ரசீதுகளின் பின்னால் கிலோமீட்டரை எழுதி, ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆடியில் ஒரு கணக்கு, புரட்டாசியில் ஒரு கணக்கு என்று இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது, மாமாவுக்கும் ஒன்று காட்டலாம்.